காலிக் கட்டம் விட்ட வாத்தியார்

(இரண்டாமாண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



முதலாமாண்டு வேதியியல் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இந்தப் பேப்பரைத் தாண்டித்தான் போகணும். எப்படியாவது பாஸ் மார்க் வாங்கி, அரியர் இல்லாமல் தப்பித்தால் போதும் என்பதே ஹாஸ்டல் பேச்சு. லேப் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த அட்டவணைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் பெயர் டிமிட்ரி இவானோவிச் மெண்டலீவ். நூலகத்தில் அவரைப் பற்றி நான் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தாயின் பயணம்

1834 பிப்ரவரி 8 அன்று, ரஷ்யாவின் சைபீரியாவில் தொபோல்ஸ்க் என்ற ஊரில், பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார் மெண்டலீவ். பள்ளித் தலைமையாசிரியரான அப்பாவுக்கு அதே ஆண்டில் கண் பார்வை போனது, வேலையும் போயிற்று. அம்மா மரியா, தன் பிறந்த வீட்டாரின் கண்ணாடித் தொழிற்சாலையை எடுத்து நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். 1847-இல் அப்பா காலமானார். மறு ஆண்டே தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்துபோனது.

பையனுக்கோ லத்தீன் பாடம் வேப்பங்காய். ஆனால் கணக்கும் அறிவியலும் என்றால் உயிர். இவனை எப்படியும் படிக்க வைப்பேன் என்று கிளம்பினார் அந்தத் தாய். 1849-இல் சுமார் 2,000 கிலோமீட்டர் கடந்து மாஸ்கோ போனார்கள். வேறு மாவட்டத்துப் பையன் என்று அங்கே இடம் தரவில்லை. அசரவில்லை அந்த அம்மா! பீட்டர்ஸ்பர்க்குக் கூட்டிப் போனார். அப்பா படித்த அதே ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் 1850-இல் இடம் கிடைத்தது. அந்த ஆண்டே அம்மா கண்மூடிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. தறிக் கூலியைச் சேர்த்து வைத்துத்தான் என் முதல் செமஸ்டர் ஃபீஸைக் கட்டினார். நம்மில் பலர் வீட்டிலும் இதே கதைதானே! மெண்டலீவ் மறக்கவில்லை. 37 ஆண்டுகள் கழித்து, 1887-இல், கரைசல்களைப் பற்றி எழுதிய நூலைத் தாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

சிலபஸ் முடியவில்லை!

1855-இல் தங்கப் பதக்கத்தோடு தேறினார். பிறகு ஜெர்மனியில் மேல் ஆய்வு. அங்கிருந்தபோது 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த வேதியியலார் மாநாட்டுக்குப் போனார். இத்தாலியின் கன்னிசாரோ அணு எடைகளைச் சரியாகக் கணக்கிடும் வழியை அங்கே விளக்கினார். அது மெண்டலீவ் மனதில் ஆழப் பதிந்தது.

1864-இல் பீட்டர்ஸ்பர்க் தொழில்நுட்ப நிலையத்தில் பேராசிரியர். 1867-இல் பல்கலைக்கழகத்தில் பொது வேதியியல் பேராசிரியர். முதல் நிலை மாணவர்களுக்குச் சொல்லித்தரத் தோதான ரஷ்யப் புத்தகம் இல்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தார். முதல் பாகம் முடிந்தபோது பார்த்தால், அன்று தெரிந்த 63 தனிமங்களில் எட்டைத்தான் விரிவாக எழுதியிருக்கிறார்! மீதி 55-ஐயும் இரண்டாம் பாகத்தில் அடக்கியாக வேண்டும். எந்த வரிசையில் சொல்வது? இங்கேதான் அட்டவணை பிறந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த வழி தேடிய ஒரு வாத்தியாரின் கவலையில்!

குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85. அயோடின் 127, சீசியம் 133. ஒவ்வொரு ஹாலஜனுக்கும் சற்றே மேலே ஒரு கார உலோகம்! அணு எடைப்படி அடுக்கினால் குணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண்டார். 1869 மார்ச்சில் அட்டவணை வெளிவந்தது. கனவில் கண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கனவோ நனவோ, அதற்கு முன்னால் பல ஆண்டு உழைப்பு இருந்தது.

காத்திருந்த கட்டங்கள்

பொருந்தாத இடத்தில் தனிமத்தைத் திணிக்காமல், காலியாக விட்டார். அதோடு நிற்கவில்லை. அங்கே வரப்போகும் தனிமத்தின் அணு எடை, அடர்த்தி எல்லாவற்றையும் 1871-இல் எழுதி வைத்தார். நமக்கும் தெரிந்த 'ஏக' என்ற வடமொழிச் சொல்லைச் சேர்த்து, ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான் என்று பெயரும் வைத்தார்.

1875-இல் பிரான்சில் காலியம் கிடைத்தது. அதன் அடர்த்தி 4.7 என்றார் கண்டுபிடித்தவர். இல்லை, 5.9 பக்கம் வரணும், சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்று பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சொன்னார் மெண்டலீவ். அளந்தார்கள், 5.9! பிறகு 1879-இல் ஸ்கேண்டியம், 1886-இல் ஜெர்மானியம். மூன்று கட்டமும் நிரம்பின.

எல்லாமே அவர் சொன்னபடி நடக்கவில்லை. டெலூரியத்தின் அணு எடை தப்பாக அளக்கப்பட்டது என்று நினைத்தார். அளவு சரிதான். தனிமங்களை அடுக்க வேண்டியது அணு எண்ணை வைத்து என்று 1913-இல் மோஸ்லி காட்டிய பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது.

மாணவர் மனு

பேரவை மலரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1890-இல் பல்கலைக்கழகத்தில் மாணவர் கொந்தளிப்பு. அவர்களின் கோரிக்கை மனுவைக் கல்வி அமைச்சரிடம் தானே கொண்டுபோனார் மெண்டலீவ். மனு ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. உலகப் புகழ் பெற்ற அந்தப் பேராசிரியர், 56 வயதில் பதவியைத் துறந்து வெளியேறினார். 1893 முதல் எடை, அளவுகள் துறையின் தலைவராகப் பணியாற்றி, 1907 பிப்ரவரி 2 அன்று மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1955-இல் உருவாக்கப்பட்ட 101-ஆம் தனிமத்துக்கு மெண்டலீவியம் என்று பெயர் வைத்தார்கள்.

முதலாமாண்டுத் தம்பி தங்கைகளே! அட்டவணையை மனப்பாடம் பண்ணுவதற்கு முன்னால், மேலே நான் கொடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். புளோரினையும் சோடியத்தையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாத்தியாருக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும். பேப்பரும் பாஸாகும்!