பாசி ஆய்ந்த பேரறிஞர் காசியபர்

மதுரை மாநகரின் வடமேற்கே வாடிப்பட்டி என்னும் ஊர் அமைந்துள்ளது. பெரியாற்றுக் கால்வாயின் நீர் பாயும் இடங்களில் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் கண்ணுக்கு இனிய காட்சி தரும். ஆனால், வடக்கே சிறுமலையின் அடிவாரத்தை நெருங்க நெருங்க நிலத்தின் இயல்பு மாறுகின்றது. கல்லும் சரளையும் கலந்த மண்ணில் காரையும் கிளுவையும் கள்ளியும் புதர்களாக மண்டிக் கிடக்கின்றன. கோடையில் அந்நிலம் உயிரற்றது போலவே தோன்றும். ஐப்பசி மழை பொழிந்த மறுநாள் அப்புதர்களின் அடியில் குனிந்து நோக்கினால், பச்சைப் பட்டு விரித்தாற் போன்று பாசி படர்ந்திருத்தலைக் காணலாம். வெட்டவெளியில் அப்பாசி விரைவில் காய்ந்து கருகும். புதரின் நிழலிலோ பல நாள் பசுமை குன்றாது.

இது குளத்து நீரில் மிதக்கும் பாசியன்று. உண்மையான வேரும் பூவும் விதையும் இன்றி, மண்ணிலும் பாறையிலும் சுவரிலும் ஒட்டி வாழும் நிலப்பாசி ஆகும். இதற்கு உறவான மற்றொரு செடி, ஈரலின் மடல் போலத் தட்டையாகத் தரையோடு படரும்; அதனை ஈரற்பாசி எனலாம். காலடியில் மிதிபடும் இச்சிறு செடிகளைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொண்டு, அவற்றின் பெருமையை உலகறியச் செய்தவர் சிவராம் காசியபர் ஆவார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அறிஞர் அவரைப் போற்றுவர்.

காசியபர் 1882ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் பஞ்சாபு நாட்டின் ஜீலம் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. இளமையில் அவர் கற்றது மருத்துவமே. ஆக்ரா மருத்துவப் பள்ளியில் பயின்று 1904ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்று, அரசு மருத்துவப் பணியில் அமர்ந்தார். நிலையான வருவாயும் ஊரார் மதிப்பும் தரவல்ல பணி அது. ஆயினும், அவருடைய உள்ளம் செடி கொடிகளையே நாடியது. பணியில் இருந்தபோதே விடாது படித்துத் தேர்வு எழுதினார். பின்னர் மருத்துவத் தொழிலை விடுத்து, இலாகூர் அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். 1909ஆம் ஆண்டில் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1912ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, அதே கல்லூரியில் தாவரவியற் பேராசிரியராகப் பணியாற்றினார்.

காசியபருக்கு நூல்களும் ஆய்வுக்கூடமும் மட்டும் போதவில்லை. மலைகளே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயின. விடுமுறை வந்ததும் இமயமலைச் சாரல்களில் ஏறுவார். பனி மூடிய கணவாய்களைக் கடந்து திபெத்து நாட்டிற்கும் பன்முறை சென்றார். பாறை இடுக்கு, ஓடைக்கரை, மரத்தின் நிழல் முதலிய இடங்களில் ஈரற்பாசிகளைத் தேடித் தொகுத்தார். அறிவியலுலகம் அதுகாறும் அறிந்திராத செடிகள் பல அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்குக் கேம்பிரிட்சுப் பேராசிரியர் சீவர்டு நினைவாகச் சீவர்டியெல்லா எனப் பெயர் சூட்டினார். அச்செடி, வறட்சி வருமுன் தன் நுனியை மண்ணுள் செலுத்திச் சிறு கிழங்காக்கி வைக்கும். மீண்டும் மழை பெய்ததும் அக்கிழங்கினின்று தழைத்தெழும்.

இவ்வாறு வறட்சியை வெல்லும் செடிகளைக் கண்ட காசியபரின் உள்ளத்தில் புதிய கருத்து ஒன்று உருவாயிற்று. எளிய அமைப்புடைய ஈரற்பாசிகளே முற்பட்டவை என்றும், சிக்கலான அமைப்புடையவை அவற்றினின்று வளர்ந்தவை என்றும் அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். காசியபரோ, எளியன எல்லாம் பழையன ஆகா என்றார். வாழும் சூழலுக்கு ஏற்பச் சில செடிகள் தம் உறுப்புகளைக் குறைத்துக்கொண்டு எளிமை அடைந்தன என்று 1919ஆம் ஆண்டில் விளக்கினார். வயல்களில் வளரும் ரிக்சியா என்னும் எளிய ஈரற்பாசி, சிக்கலான அமைப்புடைய முன்னோரிலிருந்தே தோன்றியது என்பதை அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பான்மையோர் கருத்துக்கு அஞ்சாது, கண்ணாற் கண்டதையே நம்பிய அவர் துணிவு வீண்போகவில்லை.

அவர் தொடங்கிய துறை பின்னர்ப் பல கிளைகளாகப் பரந்தது. பாலைவனத்துப் பாசிகளையும் அறிஞர் ஆராய்ந்தனர். சீனாவின் குர்பான்துங்குத்துப் பாலையிலும் அமெரிக்காவின் மொகாவிப் பாலையிலும் சின்றிக்கியா என்னும் பாசி வாழ்கின்றது. உடலின் நீர் ஏறத்தாழ முழுதும் வற்றினாலும் அது மடியாது. கரிய சருகு போலச் சுருண்டு உறங்கும். நீர் பட்டவுடன் விரிந்து பசுமை கொள்ளும். ஆயினும், அவ்வாறு விழித்தெழும் செடி, தன் உடலிற் பழுதானவற்றைச் சீர்செய்வதற்குச் சேமித்த உணவைச் செலவிட வேண்டும். ஈரம் நீடித்தால் புதிய உணவை ஆக்கிச் செலவை ஈடுசெய்யும். சிறு தூறல் விழுந்து உடனே வெயில் காய்ந்தால், வரவின்றிச் செலவே மிஞ்சும். இந்நிலை பன்முறை நேரின் பாசி மடியும்.

புதரின் பயன் இங்கேதான் விளங்குகின்றது. அதன் நிழல் வெயிலைத் தணித்து, மண்ணின் ஈரத்தை நெடுநேரம் காக்கின்றது. பாசி விரைவாக உலராமல் மெல்ல உலர வகை செய்கின்றது. உதிர்ந்த சருகு மிகுந்து பாசியை மூடிவிட்டால், ஒளியின்றி அது நலிவதும் உண்டு. அளவான நிழலே நலம் தரும். காக்கப்பெற்ற பாசியோ, மண்ணைக் கவ்விப் பிடித்து, காற்றும் மழையும் அதனை அரித்துச் செல்லாமல் தடுக்கின்றது. பயனற்றதென்று புதரை வெட்டி எறிவோர், அதன் நிழலில் வாழும் பாசியையும், பாசி காக்கும் மண்ணையும் இழக்கின்றனர்.

காசியபரும் பலருக்கு நிழல் தந்த பெருந்தகையே. பிற்காலத்தில் தொல்தாவரவியலில் உலகப் புகழ் பெற்ற பீர்பல் சாகனி, இலாகூரில் அவரிடம் பயின்ற மாணவர். இமயமலைப் பயணங்களில் அவருடன் சென்றவர். இந்தியத் தாவரவியற் கழகத்தை 1920ஆம் ஆண்டில் நிறுவியோருள் காசியபரும் ஒருவர். மேற்கு இமயமலையிலும் பஞ்சாபுச் சமவெளியிலும் வளரும் ஈரற்பாசிகளைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1929ஆம் ஆண்டிலும், மாணவர் சோப்ராவுடன் எழுதிய இரண்டாம் பகுதி 1932ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அந்த 1932ஆம் ஆண்டில் பெங்களூரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்கும் அவரே தலைமை தாங்கினார்.

1934ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள், தம் 52ஆம் வயதில், காசியபர் இலாகூரில் மறைந்தார். வாடிப்பட்டிப் புதரடியில் மழைக்குப் பின் தளிர்க்கும் பாசியும், இமயத்துப் பாறையில் படரும் ஈரற்பாசியும் உறவுடைய செடிகளே. சிறியதென்று எதனையும் இகழாது, குனிந்து உற்று நோக்குவோர்க்கே இயற்கை தன் உண்மையைக் காட்டும் என்பதனைக் காசியபரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.