செம்புராங்கல்லுக்குப் பெயர் வைத்த டாக்டர்



நம் மாஹே நண்பர்களின் ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே பழைய வீட்டுச் சுவரெல்லாம் சூளையில் சுட்ட செங்கல் இல்லை. பூமியிலிருந்தே வெட்டியெடுத்த சிவப்புக் கல்! நாம் செம்புராங்கல் என்போம். சிவில் பாடத்தில் அதுவே லாட்டரைட். அந்தப் பேரை உலகுக்குத் தந்தவர் எஞ்சினியர் அல்ல, ஒரு டாக்டர். அவர்தான் பிரான்சிஸ் புக்கானன்.

1762 இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், எடின்பரோவில் மருத்துவம் படித்துக் கப்பல் டாக்டராகக் கடல் சுற்றினார். 1794 இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்தார். ஆனால் மனசு முழுக்கச் செடி, மீன், மண், கல் மேலேதான்!

1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். பிடித்த நாட்டில் என்ன விளையும், என்ன கிடைக்கும் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கெடுக்க, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி புக்கானனை அனுப்பினார். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பியவர், மைசூர், கன்னடம், மலபார் என ஓராண்டுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றி, ஏர், பயிர், கூலி, கல் எதையும் விடாமல் குறித்துக்கொண்டார்.

மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் அந்தக் கல்லைக் கவனித்தார். தோண்டும்போது இரும்புக் கருவியால் சுலபமாக வெட்டலாம். வெட்டிக் காற்றில் போட்டால் செங்கல் மாதிரி இறுகிவிடும்! ஊர் மக்கள் அதை இட்டிகைக் கல், அதாவது செங்கல் கல் என்றே சொல்லிவந்தார்கள். புக்கானன் செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து லாட்டரைட் என்று பெயர் வைத்தார். 1807 இல் மூன்று பாகங்களாக வந்த அவர் நூலில் அது பதிவானது.

இறுகும் ரகசியம் என்ன? பல்லாயிரம் ஆண்டுகள் கொட்டும் மழை, பாறையிலுள்ள சுண்ணாம்பையும் சிலிக்காவையும் கரைத்துக் கொண்டுபோகிறது. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும், ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும். ஈரம் காயும்போது இரும்புச் சேர்மங்கள் இறுகிக் கல்லைப் பிணைக்கின்றன. அலுமினிய ஹைட்ராக்சைடுக்கு ஜிப்சைட் என்று பெயர். ஒரு அலுமினிய அணுவுக்கு மூன்று ஹைட்ராக்சில். மென்மையானது; சூடாக்கினால் எடையில் சுமார் 35 சதவீதம் நீராகப் போய்விடும். மண்ணோடு கலந்து தாராளமாகக் கிடைத்தாலும், கண்ணுக்குத் தெரியும் நல்ல படிகம் அபூர்வம். அது மிகுந்தால் அதுவே பாக்சைட். நம் சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் உண்டு. புக்கானனுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை; அலுமினியத்தையே 1825 இல்தான் பிரித்தெடுத்தார்கள்!

1814 இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பு கிடைத்தது. மறு ஆண்டு உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பும்போது, அவர் சேர்த்த ஓவியங்களைக் கொண்டுபோக அரசு விடவில்லை. அந்த மனக்குறையோடேயே போனார். பிறகு ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1829 இல் காலமானார். அங்காடிப்புரத்தில் 1979 இல் லாட்டரைட்டுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது.

அவர் வந்தது ஆளவந்தவர்களுக்காக. இதை மறக்க வேண்டாம். ஆனால் கல்வெட்டும் தொழிலாளி சொன்ன பேரைத்தான் லத்தீனாக்கினார், கேட்டார், எழுதினார். நாமும் சைட்டுக்குப் போனால் மேஸ்திரியிடம் ரெண்டு கேள்வி கேட்போம், நோட்டில் எழுதிவைப்போம். புத்தகத்தில் வராத பாடம் அங்கேதான் இருக்கு!