பச்சையப்ப முதலியார்: ஈட்டிய பொருளும் எழுதிவைத்த தருமமும்

நம் மயிலாடுதுறையை வந்தடையும் காவிரி, அதற்கு முன்னரே திருவையாற்றைத் தொட்டு வருகின்றது. அத்திருவையாற்றில் 1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், நாற்பதே வயதான ஒரு பெருஞ்செல்வர் காலமானார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் தொண்டை நாட்டில். எனினும் அவருடைய செல்வத்தில் பெரும்பகுதி திரண்டதும், அச்செல்வத்தைப் பற்றிய கடைசி ஏற்பாடு செய்யப்பட்டதும் நம் சோழ நாட்டிலேயாம். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியை அறியாதார் தமிழ்நாட்டில் இல்லை. அவரை அறிந்தாரோ சிலரே. ஆதலின், பச்சையப்ப முதலியாரின் வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பத்தினர் அறியுமாறு ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

காஞ்சிபுரத்து விசுவநாத முதலியாருக்கும் பூச்சியம்மாளுக்கும் மகனாக, 1754-ஆம் ஆண்டில், சென்னைக்கு வடமேற்கிலுள்ள பெரியபாளையத்தில் இவர் பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தையார் இறந்துவிட்டார். கைம்பெண்ணாகிய தாய், பெண்மக்களையும் வயிற்றிலிருந்த குழந்தையையும் காத்துக்கொள்ளும் பொருட்டுக் கணவரின் நண்பர் ஒருவரை அண்டிப் பெரியபாளையத்திற்கு வந்திருந்தார். சில ஆண்டுகளில் அவ்வாதரவும் நீங்கவே, குடும்பம் சென்னைப் பட்டணத்தை அடைந்தது. அங்கே பவுனி நாராயண பிள்ளை என்னும் துபாஷி அவர்களுக்கு நிழலளித்தார். பவுனி என்னும் ஆங்கிலேய வணிகரிடம் அவர் அலுவல் பார்த்தமையால் அப்பெயர் அவருக்கு அடைமொழியாயிற்று.

துபாஷி என்றால் இரு மொழி வல்லவன் என்பது சொற்பொருள். ஆனால் மொழிபெயர்ப்பு அவன் தொழிலில் ஒரு சிறு பகுதியே. ஆங்கிலேயனுக்குச் சரக்கு வாங்குவான், விற்பான், கணக்கெழுதுவான், கடன் வாங்கித் தருவான், சமயத்தில் தானே கடன் கொடுப்பான். ஊரார் ஆங்கிலேயனையும், ஆங்கிலேயன் ஊராரையும் அவன் முகமாகவே அறிந்தனர். எனவே, துபாஷிக்கு முதற்பொருளாவது பணமன்று. இரு சாராரும் அவன் சொல்லின்மீது வைத்த நம்பிக்கையேயாம். தந்தையற்ற சிறுவனாகிய பச்சையப்பர், நாராயண பிள்ளையின் வீட்டில் ஆங்கிலமும் கணக்கும் பயின்று, மீசை அரும்பும் பருவத்திலேயே தரகு வேலையில் இறங்கினார். நிக்கல்ஸ் என்னும் ஆங்கிலேயரிடம் சில காலம் துபாஷியாயிருந்தார். பின்னர் சலிவன் என்னும் உத்தியோகஸ்தரிடம் அமர்ந்தார். தஞ்சைச் சீமைத் தொடர்பு இவ்வாறு ஏற்பட்டது.

அக்காலத் தஞ்சையின் நிலையைச் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1781-இல் ஹைதர் அலியின் படை புகுந்து நாட்டைப் பாழாக்கிற்று. ஊர்கள் குடியிழந்தன, ஆடுமாடுகள் கவரப்பட்டன, வாய்க்கால்கள் தூர்ந்தன. துளஜா மன்னர் 1787-இல் இறக்க, அமர்சிங் பட்டத்துக்கு வந்தார். கும்பினியாருக்குச் செலுத்த வேண்டிய தொகையோ தவணை தவறாமல் கேட்கப்பட்டது. நம் நாட்டில் பணம் வரும் காலம் நெல் வரும் காலம். கிஸ்தி கேட்கும் சர்க்கார் களத்துமேட்டைப் பார்த்துக் கேட்பதில்லை. இவ்விரண்டு காலங்களுக்கும் இடையேயுள்ள பள்ளத்தில்தான் கடன் கொடுப்பவனுடைய வியாபாரம் நடந்தது. பச்சையப்பர் அரசருக்கும் மிராசுதாரருக்கும் ரொக்கம் கொடுத்து உதவினார். அதற்குரிய வட்டியும் தரகும் பெற்றார். இதை மறைத்து, அவர் வெறுங் கொடையாளியாகவே பிறந்தார் என்று எழுதுவது வரலாறாகாது. நாடு நெருக்கடியிலிருந்தமையால் அவர் செல்வம் விரைந்து வளர்ந்தது. முப்பத்தைந்து வயதை எட்டுவதற்குள் பட்டணத்துப் பெரும் பிரபுக்களில் ஒருவராக அவர் எண்ணப்பட்டார்.

சென்னையில் கூவம் ஆற்றங்கரையிலுள்ள கோமளீசுவரன்பேட்டையில் அவர் வசித்தார். அவ்வாற்றில் நீராடிப் பூசை முடிப்பது அவர் வழக்கம் என்பர். இன்று அந்த நீரைப் பார்ப்பவர் இதை நம்புவது அரிதே! தமக்கையின் மகளை மணந்தார். பின்னர் வேதாரணியத்திலிருந்து ஒரு பெண்மணியை இரண்டாந்தாரமாகக் கொண்டார். ஆனால் ஆண் சந்ததி வாய்க்கவில்லை.

செல்வம் சேர்ந்தபின் அவர் மனம் தருமத்தின்பால் சென்றது. தில்லைச் சிற்றம்பலத்தின்மீது அவருக்கிருந்த பற்றுப் பெரிது. சிதம்பரத்துக் கீழைக் கோபுரத்தை அவர் பழுதுபார்ப்பித்தார். தாம் ஈட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இதைச் செய்தார் என்பதை வாசகர் மனத்தில் இருத்துக. தொழிலைக் கைவிட்டு ஓய்ந்தபின் செய்வோம் என்று அவர் இதனைத் தள்ளிவைக்கவில்லை. ஆயினும் தம் பெருஞ்செல்வத்தின் முழு ஏற்பாட்டைத் தள்ளியே வைத்திருந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயதில் எவர்தாம் மரணசாசனம் எழுத நினைப்பர்?

1794-இல் கும்பகோணத்திலிருந்தபோது நோய் வலுத்தது. அம்மார்ச்சு மாதத்திலேயே அவர் மரணசாசனம் எழுதினார். குடும்பத்தினருக்கு உரியதை ஒதுக்கி, ஏறக்குறைய ஒரு லட்சம் வராகனைத் தருமங்களுக்கென்று வைத்தார். ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்பது அக்காலக் கணக்கு. காசி முதல் தென்னாடு வரையிலுள்ள தலங்களின் பூசைக்கும் அன்னதானத்துக்கும் அத்தொகையின் வட்டி உதவ வேண்டுமென்பது அவர் கருத்து. தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே அவர் பொறுப்பை ஒப்புவித்தார். பின் திருவையாற்றுக்குச் சென்றார். சில நாட்களில் காவிரிக்கரையில் அவர் வாழ்வு முடிந்தது.

இதன்மேல் நிகழ்ந்தவையே இவ்வரலாற்றில் நம்மவர் ஊன்றிப் படிக்கத்தக்க பகுதி. சாசனம் இருந்தது, பணமும் இருந்தது, தருமமோ நடக்கவில்லை. உறவினர் உரிமை கோரினர். பொறுப்பேற்றவர்களும் அவர்க்குப் பின் வந்தவர்களும் வழக்காடினர். சாசனம் எழுதப்பட்டபோது சென்னையில் இருந்தது மேயர் கோர்ட்டு. அது போய் 1798-இல் ரிக்கார்டர் கோர்ட்டு வந்தது. அதுவும் போய் 1801-இல் சுப்ரீம் கோர்ட்டு வந்தது. நீதிமன்றங்கள் மாறின, வழக்கு மாறவில்லை. எழுதியவரைக் கண்ணால் கண்டவர் பலரும் மாண்டனர். நாற்பத்தேழு ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருவர் ஈட்டியதைச் சீர்செய்ய அதன் இரட்டிப்புக் காலம் வேண்டியதாயிற்று!

அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் துரை முதலியோரின் முயற்சியால் தருமச் சொத்து மீட்கப்பட்டு, இந்துக்களாகிய தருமகர்த்தர்களிடம் 1841-ஐ ஒட்டி ஒப்புவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வட்டி பெருகியிருந்தமையால், கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியது போகப் பெருந்தொகை மிஞ்சிற்று. அம்மிகுதியைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவாகி, 1842-இல் சென்னையில் பச்சையப்பர் பாடசாலை தொடங்கப்பட்டது. 1850-இல் கிரேக்கக் கோயிலொன்றைப் போன்ற தூண்களையுடைய மண்டபம் அதற்கென்று திறக்கப்பட்டது. 1889-இல் பாடசாலை கல்லூரியாக உயர்ந்தது. 1940-இல் சேத்துப்பட்டுக்கு மாறியது. கணித மேதை இராமாநுஜன் அதில் சிறிது காலம் பயின்றார். அறிஞர் அண்ணாதுரையும் அதன் மாணவரே.

தாமதமே கல்லூரியைத் தந்தது என்று சிலர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. எம்மால் அதனை முழுதும் ஒப்ப முடியவில்லை. அந்த நாற்பத்தேழு ஆண்டுகளில் உண்ணாமற்போன ஏழைகளின் கணக்கை எவர் எழுதி வைத்தார்?

சிதம்பரம் செல்லும் அன்பர்கள் கீழைக் கோபுர வாயிலில் சற்று நிற்பாராக. பச்சையப்பரின் உருவமும் அவர் மனைவியாரின் உருவமும் அங்கே கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அக்கோபுரப் பணிக்காக எவரும் எந்த நீதிமன்றத்திலும் ஏறி இறங்க நேரவில்லை. தாம் ஈட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் மேற்கொண்ட திருப்பணி அது.