கேடயத்தோடு வீடு திரும்பியவர்

பந்தயத்தில் ஜெயித்த கோஷ்டி என்ன செய்யும்? கிடைத்த கேடயத்தைக் கொண்டுபோய்த் தன் கிளப்பில் வைக்கும். கண்ணாடிப் பெட்டியில் பூட்டும். வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையோடு காட்டும்.

1913ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இருந்த ஒரு கிளப் அப்படிச் செய்யவில்லை. மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்ததால் தனக்கே சொந்தமாகிவிட்ட கேடயத்தை, ஓய்வு பெறும் தன் கோஷ்டித் தலைவரின் கையில் கொடுத்துவிட்டது. அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அந்தத் தலைவரின் பெயர் டாலி மெசஞ்சர். ரக்பி என்ற பந்தாட்டத்தில் அவருக்கு இணை இல்லை என்று சிட்னி ஜனங்கள் சொன்னார்கள். 'மாஸ்டர்' என்றே அழைத்தார்கள். கேடயம் கொடுத்து அவரை வழியனுப்பியது ஒரு கிளப். ஆனால் அதற்கு ஆறு வருடம் முன்னால் இன்னொரு சங்கம் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தது. அவர் போட்ட புள்ளிகளைக்கூடத் தன் கணக்கிலிருந்து அழித்துவிட்டது!

ஏன் அப்படி?

தொப்பை தந்த பெயர்

ஹெர்பர்ட் ஹென்றி மெசஞ்சர் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் 12ந் தேதி சிட்னியில் பால்மெயின் என்ற பகுதியில் பிறந்தார். குழந்தைக்குச் சற்றே தொப்பை. அந்தக் காலத்தில் டாலி என்ற பிரபல அரசியல்வாதி ஒருவர் இருந்தார். அவருக்கும் தொப்பை. குழந்தையைப் பார்த்தவர்கள் வேடிக்கையாக 'டாலி' என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஹெர்பர்ட் என்ற பெயரை ஊரே மறந்தது.

தகப்பனார் சார்லஸ் மெசஞ்சர் படகு கட்டுகிறவர். துடுப்புப் படகுப் பந்தயங்களில் பேர் வாங்கியவர். பாட்டனார் ஜேம்ஸ் மெசஞ்சரும் இங்கிலாந்தில் படகுப் பந்தய வீரர்தான். டபுள் பே என்ற கடலோரப் பகுதியில் அவர்களுடைய படகுக் கொட்டகை இருந்தது. டாலி அங்கேதான் வேலை கற்றார். உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் அவருக்குப் பழக்கம். அந்தக் கைத்தொழில் பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வேலை முடிந்தால் பந்து. ரக்பிப் பந்து உருண்டையாக இராது; தேங்காய்போல நீண்டிருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரிகள் பாய்ந்து கீழே தள்ளுவார்கள். தப்பித்துப் போய் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் புள்ளி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே போகும்படி உதைத்தாலும் புள்ளி. டாலிக்கு ஓட்டமும் வரும், உதையும் வரும். அவர் எந்தப் பக்கம் திரும்புவார், எப்போது உதைப்பார் என்று எதிரிகளுக்குப் புரியாது. சில சமயம் அவருடைய கோஷ்டிக்கே புரியாது!

1906ல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்பின் முதல் கோஷ்டியில் சேர்ந்தார். அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவுக்காக நியூசிலாந்தை எதிர்த்து ஆடினார். வயது 24.

அடிபட்டவருக்கு ஒரு காசும் இல்லை

ரக்பியை அப்போது நடத்தியது 'யூனியன்' என்ற சங்கம். அதற்கு ஒரு கண்டிப்பான விதி. ஆட்டக்காரர் யாரும் ஆட்டத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது. ஆசைக்காக ஆட வேண்டும். ஆதாயத்துக்காக ஆடக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொத்து உள்ளவருக்கு அது சரி. தினக்கூலிக்காரருக்கு? ஆட்டத்துக்காக ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. கை கால் முறிந்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்தச் சண்டை இங்கிலாந்தில் முன்பே வெடித்திருந்தது. அங்கே வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைக்கிறவர்கள்தான் ரக்பி ஆடினார்கள். இழந்த கூலிக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய கிளப்புகள் கேட்டன. சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29ந் தேதி ஹடர்ஸ்பீல்டு என்ற ஊரில் ஒரு ஓட்டலில் கூடி, தனியாகப் பிரிந்துவிட்டார்கள். அந்தப் பிரிவுதான் பிற்பாடு 'ரக்பி லீக்' ஆயிற்று.

சிட்னியிலும் 1907ல் புகைச்சல் கிளம்பியது. அந்த வருடம் ஜூலையில் நியூசிலாந்து கோஷ்டி வந்து ஆடியபோது, ஒரே ஆட்டத்துக்கு 50 ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். வசூல் குவிந்தது. ஆனால் அலெக் பர்டன் என்ற உழைப்பாளி ஆட்டக்காரர் ஆட்டத்தில் அடிபட்டு, வேலைக்குப் போக முடியாமல் கிடந்தபோது யூனியன் ஒரு காசும் கொடுக்கவில்லை. இவ்வளவு பணமும் எங்கே போகிறது என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

ஜில்டினன் என்ற வியாபாரியும், விக்டர் டிரம்பரும் முன்னே வந்தார்கள். ஆம், கிரிக்கெட்டில் உலகப் புகழ் பெற்ற அதே டிரம்பர்தான். புது லீக் தொடங்குவது என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் ஜனங்கள் வர வேண்டுமே! மெசஞ்சர் வந்தால் ஜனங்கள் வருவார்கள். இது எல்லாருக்கும் தெரியும்.

தாய் சொன்ன சம்மதம்

மெசஞ்சர் யோசித்தார். புது லீகில் காலை வைத்தால் யூனியன் கதவு ஆயுள் முழுவதும் அடைபடும். நாட்டுக்காக ஆடிக்கொண்டிருக்கும் நேரம். புது லீகோ பிறக்காத குழந்தை. அது பிழைக்குமா என்பதே சந்தேகம்.

அவர் தம் தாயாரைக் கலந்தார். தாயார் சம்மதித்தார். மகனும் சம்மதித்தார்.

நியூசிலாந்தில் பாஸ்கர்வில் என்ற இளைஞர், பணம் பெற்று ஆடும் கோஷ்டி ஒன்றைத் திரட்டி இங்கிலாந்துக்குப் புறப்பட்டிருந்தார். நியூசிலாந்து கோஷ்டிக்கு 'ஆல் பிளாக்ஸ்' என்று பெயர். முழுக் கறுப்பு என்று அர்த்தம். பத்திரிகைகள் இந்தக் கோஷ்டியை 'ஆல் கோல்ட்ஸ்', அதாவது முழுத் தங்கம் என்று கேலி செய்தன. காசுக்கு ஆடுகிறார்களாம்!

வழியில் சிட்னியில் அவர்கள் மூன்று ஆட்டம் ஆடினார்கள். முதல் ஆட்டம் 1907 ஆகஸ்ட் 17ந் தேதி. சிட்னி கோஷ்டியில் மெசஞ்சர் இறங்கினார். சுமார் 20 ஆயிரம் பேர் பார்த்தார்கள். 12க்கு 8 என்று நியூசிலாந்தே ஜெயித்தது. ஆனால் புது லீக் பிழைத்துக்கொண்டது.

யூனியன் சும்மா இருக்குமா? மெசஞ்சரை நீக்கியது. அதோடும் விடவில்லை. அவர் ஆடிய ஆட்டங்களையும் எடுத்த புள்ளிகளையும் தன் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணால் பார்த்த ஆட்டம், ஏட்டில் நடக்காத ஆட்டமாகிவிட்டது.

கடல் கடந்த புகழ்

பாஸ்கர்வில் மெசஞ்சரைத் தம்மோடு இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். நியூசிலாந்துக்காரர்கள் நடுவே ஒரே ஆஸ்திரேலியர். அந்தச் சுற்றுப்பயணத்தில் எல்லாரையும்விட அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான்.

திரும்பி வந்ததும் 1908 மே 9ந் தேதி சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் முதல் லீக் டெஸ்ட் ஆட்டம். ஆஸ்திரேலியக் கோஷ்டியில் மெசஞ்சர். நேற்று வரை ஒரே கப்பலில் வந்தவர்கள் எதிரே நின்றார்கள்.

சில நாட்களில் ஒரு துயரம். பிரிஸ்பேன் நகரில் பாஸ்கர்வில் நிமோனியாவால் இறந்தார். வயது 25. நியூசிலாந்தில் லீக் விதிப்படி நடந்த முதல் ஆட்டமே, விதவையான அவருடைய தாயாருக்கு உதவி நிதி திரட்டத்தான் நடந்தது. ஆட்டக்காரரின் குடும்பத்தைக் கைவிடக் கூடாது என்று தொடங்கிய லீக், தன் முதல் வசூலை அதற்கே கொடுத்தது.

மெசஞ்சரின் புகழ் வளர்ந்தது. 1908 - 09ல் 'கங்காரு' கோஷ்டியோடு மறுபடியும் இங்கிலாந்து போனார். அந்தப் பயணத்தில் ஜில்டினன் பெரும் நஷ்டப்பட்டார். 1911ல் மெசஞ்சர் ஒரே பருவத்தில் 270 புள்ளி எடுத்தார். 1935ல் டேவ் பிரவுன் வரும்வரை அதை யாராலும் தாண்ட முடியவில்லை. அந்த வருடம்தான் மெசஞ்சருக்குக் கல்யாணமும் ஆயிற்று. இரண்டாவது கங்காரு பயணத்துக்கு அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

லீகிலும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் என்று ஒரு கிளப் தொடங்கியிருந்தது. மெசஞ்சர் அதன் தலைவர். 1911, 1912, 1913 என்று மூன்று வருடமும் அதற்கே வெற்றி. ராயல் விவசாயச் சங்கம் அளித்த கேடயம் அதற்கே நிரந்தரமாகச் சொந்தமாயிற்று. மெசஞ்சர் 30 வயதில் ஆட்டத்தை விட்டார். கிளப்பார் கேடயத்தை அவருக்கே கொடுத்தார்கள்.

பிரியும்போது என்ன கொடுப்பது?

ஆட்டக்காரரும் கிளப்பும் பிரிவது எளிதல்ல. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி சிலர் அனுப்புவார்கள். கடன்காரனை விரட்டுகிற மாதிரி சிலர் அனுப்புவார்கள்.

இங்கிலாந்தில் நல்ல வழக்கம் ஒன்று இருந்தது. நீண்ட நாள் உழைத்தவருக்காக ஒரு ஆட்டம் நடத்துவார்கள். ஜனங்களிடம் நன்கொடையும் சேர்ப்பார்கள். மொத்தமும் அவருக்கே. ஹல் கிளப்பில் பில்லி பேட்டன் என்பவருக்கு 1920ல் இப்படி 1,079 பவுன் கிடைத்தது. அதற்கு ஏழு வருடம் முன் அவரை வேறு கிளப்பிலிருந்து வாங்க ஹல் கொடுத்த விலையே 600 பவுன்தான். உழைப்பாளிக்கு அது கனவில்கூட வராத தொகை.

கசப்பான பிரிவும் உண்டு. ஜான்டி பார்க்கின் என்பவர் வேக்பீல்டு கிளப்புக்காக 1913 முதல் ஆடியவர். இங்கிலாந்து கோஷ்டிக்கே தலைவராக இருந்தவர். 1930ல் கிளப் அவரை 100 பவுனுக்கு விலை போட்டது. அவர் என்ன செய்தார்? தம் சொந்தப் பணம் 100 பவுனைக் கொடுத்துத் தம்மைத் தாமே வாங்கிக்கொண்டு வேறு கிளப்புக்குப் போனார்! இனி யாரும் அப்படிச் செய்யக் கூடாது என்று பிறகு விதியையே மாற்றினார்கள்.

மெசஞ்சருக்குக் கிடைத்தது கேடயம். அதைவிடப் பெரிய மரியாதை ஒரு கிளப் செய்ய முடியாது. அது உண்மை. ஆனால் கேடயத்தைச் சுவரில் மாட்டலாம். அரிசிக் கடையில் கொடுக்க முடியாது. இதுவும் உண்மை.

ஆட்டம் முடிந்த பிறகு

30 வயதில் ஓய்வு பெற்ற அவர் இன்னும் 46 வருடம் வாழ வேண்டியிருந்தது.

முதலில் மதுவிடுதி நடத்தினார். பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் அந்தத் தொழிலில் இறங்குவது அங்கே வழக்கம். முகத்தைப் பார்க்கவே கூட்டம் வரும் என்று நினைப்பார்கள். அது நிலைக்கவில்லை. குவீன்ஸ்லாந்துக்குப் போய் வாழைத் தோட்டம் போட்டார். அதுவும் கைகொடுக்கவில்லை. பந்தை எந்த இடத்திலிருந்து உதைத்தாலும் கம்பத்துக்கு நடுவே அனுப்பியவருக்கு வியாபாரத்தில் குறி தப்பிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கைகொடுத்தது, தகப்பனாரின் கொட்டகையில் கற்ற தொழில்தான். உளியையும் இழைப்புளியையும் மறுபடி எடுத்தார். தச்சு வேலை செய்து பிழைத்தார். ஒரு காலத்தில் அவர் பெயரைச் சொன்னால் மைதானம் நிரம்பும். அதே மனிதர் மரத்தூள் படிந்த கைகளோடு மாலையில் வீடு திரும்பினார்.

அவர் 1959 நவம்பர் 24ந் தேதி நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் கன்னடா என்ற ஊரில் காலமானார். வயது 76.

அழித்ததை எழுதினார்கள்

இறந்த பிறகு அவருக்குக் கிடைத்த மரியாதைகள் பல. லீகில் ஒவ்வொரு வருடமும் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பதக்கத்துக்கு 'டாலி எம்' என்று அவர் பெயரை வைத்தார்கள். தொப்பைக் குழந்தைக்கு விளையாட்டாக வைத்த பெயர் பதக்கத்தில் ஏறிவிட்டது. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் பார்வையாளர் மாடம் ஒன்றில் டான் பிராட்மன் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. 2008ல் சிட்னி கால்பந்து மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

யூனியன் மட்டும் நெடுங்காலம் அசையவில்லை. லீகில் ஆடியவருக்கு யூனியனில் இடமில்லை என்ற கட்டு வருடக்கணக்கில் நீடித்தது. 1995ல் யூனியனே மனம் மாறி, ஆட்டக்காரர்கள் பணம் வாங்கலாம் என்று அறிவித்தது. எதற்காக மெசஞ்சரை வெளியேற்றினார்களோ அதுவே சட்டமாயிற்று. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் ஓடியது.

2007ல் ஆஸ்திரேலிய ரக்பி யூனியன் பழைய ஏட்டைத் திறந்து, அழித்த கணக்கை மறுபடியும் சேர்த்தது. நீக்கி நூறு வருடம் ஆகியிருந்தது. மெசஞ்சர் இறந்து 48 வருடம் ஆகியிருந்தது.