இதயத் துடிப்பும் இலைத் துடிப்பும்

உயிரைப் பற்றி ஒரு வகுப்பறையிலும், மின்சாரத்தைப் பற்றி வேறொரு வகுப்பறையிலும் நாம் படிக்கிறோம். தாவரவியல் மாணவர் செடியைப் பார்ப்பார். இயற்பியல் மாணவராகிய நாங்கள் மின்கலத்தைப் பார்ப்போம். இவ்விரு அறைகளுக்கும் நடுவே துணிந்து கதவு திறந்த இந்திய மேதை ஜகதீஷ் சந்திர போஸ். அன்னாரின் வாழ்க்கையை என் சிற்றறிவுக்கு எட்டியவரை இங்கு எழுத விழைகிறேன்.

போஸ் 1858 நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங் நகரில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் உயர்ந்த அரசுப் பதவி வகித்தவர். வசதி உள்ளோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே சிறுவன் போஸுக்கு ஒருபுறம் தந்தையின் ஏவலாளர் மகனும், மறுபுறம் ஒரு மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தமக்கு ஊட்டின எனப் பிற்காலத்தில் போஸ் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்தேறி வந்து படிப்பவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஆகவே அந்த மீனவச் சிறுவனை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை. போஸ் கேம்பிரிட்ஜ் சென்றார். அச்சிறுவனின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

1880-இல் மருத்துவம் பயில இலண்டன் சென்ற போஸ், ஓயாத காய்ச்சலால் அதைக் கைவிட்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்று, 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதனினும் குறைந்த சம்பளம் என்பது அன்றைய வழக்கம். போஸ் வாதாடவில்லை, மூன்றாண்டுகள் சம்பளத்தையே தொடாமல் பாடம் நடத்தினார். இறுதியில் அரசு இறங்கிவந்து முழுத் தொகையையும் கொடுத்தது. முறையான பயிற்சி பெறாத ஒரு தகர வேலைக்காரரைத் துணைக்கொண்டே தம் கருவிகளை அவர் உருவாக்கினார்.

1895-இல் கம்பியில்லா மின்னலைகளைக் கொண்டு, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து கல்கத்தா மக்களை வியப்பில் ஆழ்த்தினார். அந்த அலைகளை உணரும் உலோகக் கருவி தொடர்ந்து உழைத்தால் சோர்வதையும், ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் கண்டார். தசையும் இப்படித்தானே சோர்கிறது என்ற ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அந்த ஐயமே அவரை உயிரியலுக்குள் இழுத்துச் சென்றது.

தொட்டாற்சிணுங்கியின் இலை மடங்கும்போது அதனுள் மின்குறிப்பு ஓடுவதை அவர் பதிவு செய்தார். நம் வைத்தியர்கள் தொழுகண்ணி எனக் கூறும் செடியின் சிற்றிலைகள், எவரும் தொடாமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாமாக அசைபவை. அந்த அசைவை விலங்கின் இதயத் துடிப்போடு ஒப்பிட்டு, ஈதர் போன்ற மயக்க மருந்துகள் இரண்டையும் எவ்வாறு தளர்த்துகின்றன என ஆராய்ந்தார்.

1901-இல் இலண்டன் ராயல் கழகத்தில் இக்கருத்துகளை அவர் எடுத்துரைத்தபோது உடலியல் வல்லுநர் சிலர் ஏற்க மறுத்தனர். கட்டுரை அச்சேறாமல் நிறுத்தப்பட்டது. அதே கழகம் 1920-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவர் கூறிய அனைத்தும் நிலைத்துவிடவில்லை. மரத்தில் நீர் ஏறுவதற்கு உயிரணுக்களின் துடிப்பே காரணம் என்ற அவர் கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் செடிக்குள் மின்குறிப்பு ஓடுவது ஐயமற நிலைபெற்றுவிட்டது.

போஸ் பிறந்த நூறாம் ஆண்டில், 1958 அக்டோபர் 8 அன்று, ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவர் உடலுக்குள் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. செய்தவர் எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியாளர். பொருத்தியவர் சென்னிங் என்னும் அறுவை மருத்துவர். முதற் கருவி சில மணி நேரமே உழைத்தது. கருவிகள் பல மாறின. லார்சன் 2001 வரை வாழ்ந்தார். இது போஸின் நேர் வாரிசு என்று நான் கூற வரவில்லை. இதய மின்னோட்டத்தை வரைந்து காட்டிய ஐந்தோவன் முதலியோரின் வழியில் வந்தது அது. எனினும், உயிரின் துடிப்பை இயற்பியல் கருவியால் அளக்கலாம் என்ற துணிவு இரண்டுக்கும் பொது.

என் தாத்தாவுக்கு நாடி மிகத் தளர்ந்து, வலை இழுக்கையில் மயங்கி விழத் தொடங்கியபோது, காறை எலும்பின் கீழே பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றனர் மருத்துவர்கள். உடம்புக்குள் கரண்டு வைத்தால் உயிர் தங்குமா என்று பாட்டி அழுதார். படித்தவன் என்று எல்லோரும் என்னையே பார்த்தனர். தாத்தாவின் இதயத்தில் பிறந்த நாள் முதல் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது தாமதிக்கும்போது மட்டும் இக்கருவி மெல்லத் தட்டி எழுப்பும் என்று தொட்டாற்சிணுங்கியைக் காட்டி விளக்கினேன். பாட்டி சம்மதித்தார். இன்று தாத்தா கரையில் அமர்ந்து வலை பின்னுகிறார்.

1917-இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவிய போஸ், அங்குக் கண்டறிபவை எல்லார்க்கும் பொதுவாக வேண்டும், காப்புரிமை கூடாது என்று விதித்தார். 1937 நவம்பர் 23 அன்று கிரிடி என்னும் ஊரில் மறைந்தார். இன்றோ கம்பியே இல்லாமல் இதயத்தினுள் அமரும், மாத்திரை போன்ற பேஸ்மேக்கர்கள் வந்துவிட்டன. காது கேளாக் குழந்தைக்கு ஒலி தரும் காக்ளியர் கருவியும் உண்டு. இவை ஏழை வீட்டையும் எட்டினால்தான் போஸின் விருப்பம் நிறைவேறும்.

மாணவ நண்பர்களே! தொழுகண்ணிச் செடி ஒன்றை நம் கல்லூரியில் நட்டு வளர்ப்போம். வெயில் ஏறும்போது அதன் இலைத் துடிப்பு எவ்வளவு விரைகிறது எனக் கடிகாரமும் வெப்பமானியும் கொண்டு இயற்பியல், தாவரவியல் மாணவர்கள் சேர்ந்து அளப்போம். வலை வீட்டிலிருந்தும் ஏர் வீட்டிலிருந்தும் வந்த நாம் கேட்கும் கேள்விகளும் அறிவியலே. போஸின் அருகில் அமர்ந்திருந்த மீனவச் சிறுவனுக்கு வாய்க்காத இடம் நமக்கு வாய்த்திருக்கிறது. அதை வீணாக்காதிருப்போமாக!