கற்றலின் எல்லையை அளந்த வைகொட்ஸ்கி

பிள்ளையொன்றின் அறிவை அளவிடுவதற்குப் பரீட்சைப் புள்ளிகள் மாத்திரம் போதுமானவையா என்ற கேள்வி இன்றும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் வாட்டி வருகின்றது. இக்கேள்வியைச் சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பியவர் சோவியத் உளவியல் பேராசிரியர் லெவ் வைகொட்ஸ்கி ஆவார்.

இன்றைய பெலாருஸிலுள்ள ஓர்ஷா நகரில், 1896 ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், கோமல் நகரில் வளர்ந்தார். ஜார் மன்னராட்சியின் கீழ் மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் யூத மாணவருக்கு 3 வீத இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. 1913 இல் அவர் தங்கப் பதக்கத்துடன் பாடசாலைக் கல்வியை நிறைவு செய்தபோது, அந்தச் சொற்ப இடங்களும் திறமை பாராது சீட்டுக் குலுக்கல் மூலம் நிரப்பப்படலாயின. சீட்டு அவருக்கு விழுந்தது. சட்டம் பயின்ற அவர், 1917 இல் கோமலுக்குத் திரும்பி ஆசிரியரானார். நோயுற்றிருந்த தாயையும் தம்பியையும் பீடித்த சயரோகம் அவரையும் பற்றிக்கொண்டது.

1924 இல் பெட்ரோகிராட் மாநாட்டில் ஆற்றிய உரை, அவரை மொஸ்கோ உளவியல் நிறுவகத்திற்கு இட்டுச் சென்றது. செவிப்புலனற்ற, பார்வையற்ற பிள்ளைகளின் கல்வியில் அவர் விசேட அக்கறை காட்டினார். பிள்ளையின் சிந்தனை தனிமையில் வளர்வதன்று. பிறருடனான உரையாடலிலேயே அது உருப்பெறுகின்றது என்பது அவரது முடிவாகும். இரு பிள்ளைகள் தனித்து எட்டு வயதுக்குரிய வினாக்களுக்கு விடை காணக்கூடும். ஆயின் சிறிது வழிகாட்டியதும் ஒருவர் பன்னிரண்டு வயதுக்குரியவற்றையும் மற்றவர் ஒன்பது வயதுக்குரியவற்றையும் எட்டலாம். பரீட்சையின் கண்களுக்கு இருவரும் சமமானவர்களே. கற்கும் ஆற்றலிலோ அவர்கள் வேறுபட்டவர்கள். தனித்துச் செய்யக்கூடியதற்கும் உதவியுடன் செய்யக்கூடியதற்கும் உள்ள இந்த இடைவெளியே அண்மை விருத்தி வலயம் எனப்படுகின்றது.

1934 ஜூன் 11 ஆம் திகதி, தமது 37 ஆவது வயதில் அவர் காலமானார். சிந்தனையையும் மொழியையும் பற்றிய அவரது பெருநூல் அதே ஆண்டில், அவரது மறைவின் பின்னரே வெளிவந்தது. 1936 இல் சிறுவர் ஆய்வுத் துறைக்கு எதிராகக் கம்யூனிஸ்ட் கட்சி நிறைவேற்றிய தீர்மானத்தையடுத்து அவரது எழுத்துக்கள் ஓரங்கட்டப்பட்டன. 1956 இலேயே அவை மீண்டும் அச்சேறின.

அன்று சீட்டுக் குலுக்கலில் வாய்ப்பிழந்த ஏனைய மாணவரிடம் எத்தகைய ஆற்றல் புதைந்திருந்தது என்பதை எவரும் அறியார். வாயிலிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்துத் திருப்பியனுப்பும் எந்தச் சமூகமும் இந்த இழப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.