கணக்குக் கேட்ட அண்ணல்

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதை என்றே நாம் கொண்டாடுகிறோம். அவர் முதலில் ஆழ்ந்து படித்தது பொருளாதாரம். 1891 ஏப்ரல் 14இல் பிறந்த அவர், பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே 1915இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றியது. மாகாண அரசுகளின் நிதி பற்றிய அவருடைய ஆய்வு 1925இல் நூலாக வந்தது. மக்களிடம் வாங்கும் வரிப்பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

பம்பாய் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1927 மார்ச்சில் கல்வி மானியம் பற்றிப் பேசினார். கல்விக்கு அரசு தலைக்கு 14 அணா செலவிடுகிறது. மது வரியாகவோ தலைக்கு 2 ரூபாய் 2 அணா 9 பை வசூலிக்கிறது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியானால் கல்விக்குக் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு குடியின் மூலம் எடுக்கப்படுகிறது. எடுத்த அளவுக்காவது கல்விக்குக் கொடுங்கள் என்பதே அவர் வைத்த கோரிக்கை.

அதே மாதம் 20ஆம் தேதி மகாத் ஊரின் சவுதார் குளத்தில் மக்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று அதே சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டிருந்தது. அது ஏட்டோடு நின்றுவிட்டது. தீர்மானம் போட்டால் போதாது, நடந்ததா என்று பார்க்கவும் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1949 மே 30இல் அரசியல் நிர்ணய சபையில், சி.ஏ.ஜி. என்று செய்திகளில் நாம் படிக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பற்றிய விவாதம் வந்தது. அரசியல் சட்டத்தின் மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவர்தான் என்றார் அண்ணல். நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் ஒதுக்கிய வேலைக்கே, ஒதுக்கிய அளவுக்குள் செலவானதா என்று பார்ப்பவர் இவர் என்பதால், நீதித்துறையின் கடமையைவிட இவர் கடமை பெரிது என்றும் கருதினார். தன் ஊழியர்கள் மீது நீதித்துறைக்கு உள்ள அதிகாரம் இவருக்குத் தரப்படவில்லையே என்று வருந்தினார். இன்று அரசு நினைத்தபடி சி.ஏ.ஜி.யை நீக்க முடியாது; உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும். பதவி முடிந்தபின் அவர் வேறு அரசுப் பதவியும் ஏற்கக் கூடாது.

1956 டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார். அவர் அஞ்சியது பின்னாளில் நடந்தது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்காக, பட்டியல் இனத்தவர் துணைத் திட்ட நிதியில் 600 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பிவிடப்பட்டது. மாநிலங்களவையில் அரசே இதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நம் பெயரில் ஒதுக்கிய பணம் வேறு வழியில் போனால், போனது நம் பிள்ளைகளின் விடுதியும் படிப்பும்தான். தணிக்கை அறிக்கைகளை இன்று இணையத்தில் யாரும் படிக்கலாம். மாணவர்கள் படித்து ஊருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது, நம் குடியிருப்புக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று நாம் எழுந்து கேட்போம்.